மூடியை எடுக்கச் சொன்னவர்

அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெட்டி டாக்டர் என்பார்கள்; பெட்டி என்றால் கம்ப்யூட்டர். அவசரத்தில் இருப்பவர்கள் வெறும் டாக்டர் என்பார்கள். குடிநீர் இணைப்புக்கு மனு கொடுக்க வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று அவரிடம் விசாரித்ததும் உண்டு.

பட்டம் கிடைத்த கதை சின்னது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, மனு வாங்கும் ஜன்னலில் இருந்த கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோனது. வரிசை வாசற்படியைத் தாண்டி நின்றது. பழுது பார்க்கிற ஆள் மதியம்தான் வருவார் என்றார்கள். மனுக்களுக்கு எண் போடுகிற அவர், கீழே விழுந்த ரப்பர் ஸ்டாம்பை எடுக்க மேசைக்கடியில் குனிந்தபோது, பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஒயர் பாதி கழன்று தொங்குவதைப் பார்த்தார். ஓர் அழுத்து அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. ஒயர்தான் கழன்றிருந்தது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்து மேசையில் சீல் குத்துகிறவர் முந்திக்கொண்டார்.

"கை வெச்சாரு, உயிர் வந்துடுச்சு. இவருல்ல டாக்டரு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேலதிகாரி கதவு வழியே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கிடைத்த பட்டத்தை அவர் மறுக்கவில்லை. மறுக்க நேரம் இருக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் வரை நேரம் இருந்தது. மறுநாளும் இருந்தது.

பட்டம் வந்தபிறகு அதற்கேற்ற படிப்பு வேண்டியிருந்தது. யாராவது வந்து கேள்வி கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாது இல்லையா. மதிய இடைவேளைகளில் போனில் வீடியோ பார்த்தார். ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்தார். இரண்டு வருஷத்தில் அவர் சொல்கிற யோசனைகள் உண்மையிலேயே நல்ல யோசனைகளாக இருந்தன. எந்த வேலைக்குப் பெட்டி என்று முதலில் முடிவு பண்ணு. அதற்குத் தக்க பிராசசரை எடு, பிராசசருக்குப் பொருந்துகிற மதர்போர்டை எடு. ராம் மெமரியை ஒன்றாக வாங்காமல் பாதிப் பாதியாக இரண்டு வாங்கு. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. வெளிக்கூடான கேபினெட்டின் கண்ணாடியையும் கலர் விளக்கையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வீணாய்ப்போன மனுத்தாள்களின் பின்பக்கத்தில் இப்படிப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துப் பதினோரு பேர் பெட்டி வாங்கியிருந்தார்கள். பதினொன்றும் இன்றுவரை ஓடுகின்றன.

அந்தப் பதினொன்றையும் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவர்கள் கடைக்காரர்கள். அவர் தன் கையால் ஒரு ஸ்க்ரூ கூடத் திருகியதில்லை. வீட்டில் அவரிடம் இருந்தது 'ப' எழுத்து வேலை செய்யாத ஒரு பழைய லேப்டாப். ஒரு மதர்போர்டை இரண்டடி தூரத்தில் வைத்துக்கூட அவர் பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேட்டது அவருடைய தங்கைதான்.

தங்கை நாலு மணி நேர பஸ் தூரத்தில் வேறோர் ஊரில் இருந்தாள். ஒரு கட்டடக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி பிளான் வரைந்து கொடுப்பது அவள் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஈரப் படிக்கட்டில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தபிறகும் சுட்டுவிரலும் நடுவிரலும் மந்தமாகவே இருந்தன. நீட்டச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு நீளும். "என் வீட்டு வேலைக்காரங்க ரெண்டு பேர், கூப்பிட்டா உடனே வரமாட்டாங்க" என்று அவளே கேலி செய்வாள். டாக்டர், நிஜமான டாக்டர், எலும்பு சேர்ந்துவிட்டது, இனிமேல் பயம்தான் பாக்கி என்று சொல்லியிருந்தார்.

கம்பெனி கொடுத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்டபோது, சொந்தமாக ஒன்று பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் பட்டியல் கொடுத்தார். பிளான் வரைகிற வேலைக்கு ராம் கூடுதலாக, கலர் விளக்கு எதுவும் இல்லாமல், நல்ல பட்டியல்தான்.

"கடையிலேயே பூட்டிக் கொடுத்துடுவாங்க பாப்பா. கொடுத்துட்டு வந்துடு" என்றார்.

"இல்லண்ணா. நானே பூட்டப்போறேன்."

"எதுக்கு வீண் வேலை?"

"இந்தக் கையை வெச்சு எல்லாரும் எனக்கு டம்ளரைக்கூட நீட்டிப் புடிக்கிறாங்க. உங்க மாப்பிள்ளை ஊறுகாய் பாட்டிலை நான் தொடறதுக்கு முன்னாடியே திறந்து வெச்சுடறார். நானே முழுசா ஒரு பெட்டியைப் பூட்டிட்டேன்னா இந்தக் கை என்னோடதுன்னு நம்பிடுவேன். அதுக்கப்புறம் பயம் இல்லாம கோடு போடலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நீ எத்தனை பெட்டி பூட்டியிருக்க?"

"பதினொண்ணு" என்றார் அவர்.

சொன்னவுடன் அதைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அவள், "அப்ப எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். வீடியோ காலில் படம் உறைந்து உறைந்து நின்றதால் அதை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் பேசினார்கள். இங்கே அவர் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்திருந்தார். அங்கே அவள் வரைகிற மேசையைக் காலி செய்து வைத்திருந்தாள்.

"மேசை மேல துணி ஏதாவது விரிச்சிருக்கியா?"

"வெறும் மரம்."

"அதான் சரி. கேபினெட்டோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோ."

"எதுக்கு, சகுனமா?"

"உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கட்டும்."

"என் உடம்புல கரண்ட் இருந்தா இந்த ரெண்டு பேரும் ஏன் தூங்கறாங்க?"

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைக்கச் சொன்னார். கேபினெட்டுக்குள் போடுவதற்கு முன்பே பிராசசர் சிப்பையும் ராமையும் மாட்டிவிடு, உள்ளே போனால் கை நுழையாது என்றார். எல்லாம் நோட்டில் இருந்ததுதான். தான் சொல்லச் சொல்ல அங்கே ஒரு பொருள் உருவாகிறது என்பதில் அவருக்கு ஒரு கிறக்கமே இருந்தது.

"நடுவுல சதுரமா ஒண்ணு இருக்குண்ணா. மேல கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதுல ஏதோ பொடி எழுத்துல எழுதியிருக்கு. படிச்சுக் காட்டவா?"

"வேண்டாம், அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடுறது."

நோட்டில் அந்த இடத்தில், 'மூடியைத் திற, சிப்பை வை, மூடு' என்று எழுதியிருந்தது. வீடியோவில் பக்கத்திலுள்ள நெம்புகோலை விடுவித்ததும் இரும்புச் சட்டம் ஒன்று கதவு மாதிரி மேலே போகும். அதைத்தான் அவர் மூடி என்று எழுதிவைத்திருந்தார். அந்தச் சட்டத்தின் மேல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் தனிப் பொருளாகவே கவனித்ததில்லை.

"அதுதான் மூடி. அதை எடுத்துட்டுச் சிப்பை வை" என்றார்.

நோட்டில் இருந்தது 'திற'. அவர் வாயிலிருந்து வந்தது 'எடு'.

"எப்படி எடுக்கிறது? ஓரத்துல நகத்தை விட்டு நெம்பணுமா?"

நோட்டைப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை.

"ஆமா, நெம்பு" என்றார்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய மூச்சு. "உள்ள விழுந்துடுச்சுண்ணா. இரு, இரு. விரல் நழுவுது. ஆங், எடுத்துட்டேன்." மூடியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. "அண்ணா, உள்ள பொடிப்பொடியா ஊசி மாதிரி வரிசையா இருக்கு. ஒரு மூலையில நாலஞ்சு மட்டும் வேற பக்கம் பாக்குது. அப்படித்தான் இருக்குமா?"

ஊசிகள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அதுவே கடைசி இடமாக இருந்தது.

"அப்படித்தான் இருக்கும்."

மதியத்துக்குள் எல்லாம் மாட்டி முடித்தாள். சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. அவள் கைதட்டுவது போனில் கேட்டது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டில் சிப்பைக் குறிக்கும் சிபியு என்று எழுதியிருந்த இடத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அணைத்துப் போட்டாள். ராமைக் கழற்றி மாட்டினாள். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினாள். மூன்று மணி வரை அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளே சிப்பைக் கழற்றி, போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஊசி வளைஞ்சிருக்குண்ணா. அஞ்சு ஊசி. ரெண்டு படுத்தே போச்சு." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "மூடியை எடுக்கும்போது விரல் சொன்ன பேச்சு கேக்கல. என் கைதான்."

இந்த இடத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்:

"விடும்மா. கை பிசகுறதுதான்."

மறுநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டைத் திறக்காமல், பழைய வீடியோ ஒன்றைத் தேடியெடுத்து அந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தார். நெம்புகோல் விடுபட்டது. இரும்புச் சட்டம் கறுப்பு மூடியோடு சேர்ந்தே மேலே போனது. சிப் உட்கார்ந்தது. சட்டம் இறங்கி, நெம்புகோலை அழுத்தியபோது, கறுப்பு மூடி தானாகவே துள்ளி விழுந்தது. யாருடைய விரலும் அதைத் தொடவில்லை. நிறுத்திப் பெரிதாக்கினார். சிப்பை வைத்தபிறகே அகற்றவும் என்று அந்த மூடியின் மேலேயே அச்சடித்திருந்தது. அவள் படித்துக் காட்டவா என்று கேட்ட பொடி எழுத்து அதுதான்.

ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் மூடி தானாகத் துள்ளியது.

"டாக்டர், என்ன அப்படி உத்துப் பாக்குறீங்க, ஆபரேஷனா?" என்று சீல் குத்துகிறவர் வந்து உட்கார்ந்தார். "என் மச்சினிக்கு ஒரு பெட்டி வேணுமாம். ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க."

"நான் எந்தப் பெட்டியையும் பூட்டுனதில்ல" என்றார் அவர். சத்தமாகவே வந்தது.

"என்ன டாக்டர்?"

"நிஜமாத்தான். அன்னிக்குக்கூட ஒயர்தான் கழண்டு கிடந்துது. அதை அழுத்தினேன், அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

சீல்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த மேசைப் பக்கம் திரும்பி, "பாத்தியா, தெரிஞ்சவங்க எப்பவும் இப்படித்தான் பேசுவாங்க. நமக்குத்தான் ஒண்ணுமே தெரியாம வாய் கிழியுது" என்றார். மனுத்தாள் ஒன்றையும் பேனாவையும் அவர் முன் நகர்த்தி வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள குடுங்க போதும்."

குற்றத்தை ஒப்புக்கொள்வது இவ்வளவு சுலபமாக வீணாய்ப்போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தப்பான ஆளிடம் போய்ச் சொல்லியிருக்கிறோம் என்பதும் அப்போதே தெரிந்தது.

புதன்கிழமை தங்கைக்குப் போன் பண்ணினார். என்ன சொல்ல வேண்டும் என்று மாடிப்படியில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் பண்ணினார்.

"எல்லாத்தையும் டப்பாவுல போட்டு அலமாரி மேல வெச்சுட்டேண்ணா" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "ஆபீஸ்ல மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். வரையற வேலை இனிமேல் வேண்டாம், ஃபைல் சரிபாக்குற வேலை இருந்தா குடுங்கன்னு. அதுக்கு ஒரு பழைய லேப்டாப் போதும். பிளான்ல கோடு நழுவிச்சுன்னா நாளைக்கு ஒரு வீட்டுல சுவர் நழுவும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்."

"அவர் என்ன சொன்னார்?"

"யோசிங்கன்னார். நான் யோசிச்சுட்டேன்."

"பாப்பா..."

"என்னண்ணா?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ஆச்சு" என்றார். வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் தனக்குள் ஒரு வழக்கு நடத்த ஆரம்பித்தார். தான் சொன்னது ஒரு வார்த்தைதான். அவளும் கொஞ்சம் கவனமாக நெம்பியிருக்கலாம். விரல் நழுவியது என்று அவளே சொன்னாள். கடையில் கொடு என்று தான் முதலிலேயே சொல்லவில்லையா. மனுக்களுக்கு எண் போட்டுக்கொண்டே இந்த வாதங்களையெல்லாம் அடுக்குவார். ஆனால் எல்லாவற்றுக்கும் எதிராக, தானாகத் துள்ளுகிற அந்தக் கறுப்பு மூடி வந்து விழும். அதைத் தொடாமலே இருந்திருந்தால் எந்த விரலும் நழுவியிருக்க வாய்ப்பில்லை. நல்ல விரல்கள் இருக்கிறவன் நெம்பியிருந்தாலும் அது உள்ளேதான் விழுந்திருக்கும். ஒரே வாரத்தில் இரண்டு மனுக்களுக்கு ஒரே எண்ணைப் போட்டார்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"உங்க தங்கச்சி எனக்குப் போன் பண்ணியிருந்தா. இடது கையால எழுதிப் பழகறாளாம். வலது கையை இனிமே நம்ப முடியாதுங்கறா. எனக்கு மனசே ஆறல."

அவர் தலையணை உறையை எடுத்து மடித்தார். அது மடிப்புக்கு வரவில்லை.

"என்னங்க, நீங்க சரியாத்தானே சொல்லிக் குடுத்தீங்க?"

"பதினோரு பெட்டி..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"எது? நீங்க எப்பப் பெட்டி பூட்டுனீங்க?" துணியை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வீட்டுல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னு எதிர்வீட்டுக்காரரைத்தானே கூப்பிட்டோம்."

அப்போதுதான் அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எடு, திற, நெம்பு, பொடி எழுத்து, கை பிசகுறதுதான் என்று தான் சொன்னது உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அதே மாதிரி மதர்போர்டு ஒன்று வாங்கினார். சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில், அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். மேலே சாமான் வைக்கிற இடம் காலியாகத்தான் இருந்தது. நடத்துனர் இரண்டு தடவை சொல்லியும் அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை. நாலு மணி நேரமும் என்ன சொல்வது என்று வாக்கியம் கோத்துக்கொண்டே போனார். 'ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. நடந்துபோச்சு என்றால் யாரும் செய்யாமல் தானாக நடந்த மாதிரி இருந்தது. சின்ன என்பதும் பொய். பஸ் நின்றபோது கையில் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

தங்கைதான் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். வரைகிற மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடந்தது. அதில் முதல் வகுப்புக் குழந்தை எழுதியது போல, மேலும் கீழும் சரிந்த எழுத்துகளில் ஒரே விலாசத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் நின்றவாக்கிலேயே அவர் சொல்லிவிட்டார்.

"பாப்பா, உன் கை இல்ல. நான்தான்."

"என்னது?"

"அந்தக் கறுப்பு மூடியை எடுக்கவே கூடாது. சிப்பை வெச்சுச் சட்டத்தை அழுத்தினா அது தானா வந்துடும். அது மேலயே எழுதியிருக்கு. நீ படிக்கவான்னு கேட்ட. நான் வேண்டாம்னேன். நெம்புன்னு சொன்னதும் நானேதான், நோட்டுல அப்படி இல்ல. ஊசி வேற பக்கம் பாக்குதுன்னு நீ கேட்டப்ப, எனக்குத் தெரியாமலே அப்படித்தான் இருக்கும்னேன்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு பெட்டி பூட்டினவனுக்கு இது தெரியாதா?"

"ஒண்ணுகூடப் பூட்டினதில்ல. லிஸ்ட் மட்டும்தான் குடுத்தேன்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

அவர் எதிர்பார்த்திருந்த கோபம் இந்த இடத்தில் வரவில்லை. அவள் தன் வலது கையை முகத்துக்கு நேரே வைத்து, விரல்களை விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். இரண்டு விரல்கள் ஒரு கணம் தாமதித்து வந்தன. வந்தன.

"புதன்கிழமை போன் பண்ணினியே. சாப்பிட்டியான்னு கேட்டியே."

"ஆமா."

"கை பிசகுறதுதான்னு நீ சொன்னப்ப, எனக்கு ஆறுதல் சொல்றன்னு நினைச்சேன். உங்க மாப்பிள்ளைகிட்டகூடச் சொன்னேன், அண்ணன் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலன்னு." அவள் உட்கார்ந்தாள். "மூணு வாரம்ணா. மூணு வாரமா இந்தக் கையைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். ராத்திரி அது மேலயே படுத்துத் தூங்கினேன், மரத்துப்போகட்டும்னு."

அவர் கொண்டுவந்த போர்டை மேசைமேல் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவள் தலையில் வைக்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டார்.

அவள் நெடுநேரம் அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். அவர் உதவிக்குக் கை நீட்டினார்.

"நீ தொடாத. அந்த ஓரமா நாற்காலியைப் போட்டு உக்காரு. ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் கேட்டாலும் பேசக் கூடாது."

போர்டோடு வந்த புத்தகத்தை அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவர் ஒருநாளும் அப்படி ஒரு புத்தகத்தைத் திறந்ததில்லை. நெம்புகோலை விடுவித்தாள். சட்டம் கறுப்பு மூடியோடு மேலே எழுந்தது. கீழே ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. சிப்பின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சரிபார்த்து, இரு பக்கமும் பிடித்து, அது தானாக உட்காரும்வரை காத்திருந்து கையை எடுத்தாள். நெம்புகோலை அழுத்தும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஏதோ உடைகிறது என்றே அவருக்குத் தோன்றியது. வாய் திறந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமலே இடது கையை உயர்த்தி அவரை அடக்கினாள். புத்தகத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றியும் போட்டிருந்தது.

கறுப்பு மூடி துள்ளி மேசையில் விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்து, பொடி எழுத்தைப் படித்து, மேசை ஓரத்தில் வைத்தாள்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. ராம் மாட்டும்போது இரண்டு முனையிலும் க்ளிக் கேட்கும்வரை அழுத்த வேண்டியிருந்தது. கேபினெட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ விழுந்து போர்டுக்கடியில் உருண்டது. மந்தமான விரல்கள் அதை இரண்டு தடவை தவறவிட்டன. அப்போதெல்லாம் நாற்காலியில் அவருக்கு உடம்பு முழுக்கக் குறுகுறுத்தது. இப்படிச் சாய்த்தால் வந்துவிடும் என்று சொல்லத் துடித்தார். அதுவும் தனக்கு உண்மையில் தெரியாது என்பது உடனே நினைவுக்கு வந்தது. அவள் கேபினெட்டைத் தூக்கிச் சாய்த்தாள். ஸ்க்ரூ வேறு பக்கம் போனது. மறுபடி சாய்த்தாள். மூன்றாவது தடவை விரல் நுனியில் ஒட்டி வந்தது.

ஒன்றரை மணிக்குச் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. விளக்கு அணைந்தது. திரையில் எழுத்துகள் வந்தன.

அவள் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாள். பிறகு போனை எடுத்தாள். அவளுடைய பேச்சு மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

"சார், நான்தான். வரையற வேலை விஷயமா... ஆமா சார். நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. கை நல்லா இருக்கு." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார், இப்பத்தான் சரியாச்சுன்னு இல்ல. முதல்லயே நல்லாத்தான் இருந்திருக்கு." போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். "ஓ. போன வாரமேவா? சரி சார். இல்ல, அவங்க மேல என்ன தப்பு. புரியுது சார். சின்னதா ஏதாவது இருந்தா அனுப்புங்க. தேங்க்ஸ் சார்."

போனை வைத்தாள்.

"அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சாம்" என்றாள், அவரைப் பார்க்காமல். "திங்கக்கிழமை ஒரு கழிவறை பிளான் அனுப்புறாராம். அதைப் பாத்துட்டு மத்தது யோசிக்கலாம்னார்."

இரண்டு வாரத்துக்கு முன் சொல்லியிருந்தால் அந்த இடம் அவளுடையதாகவே இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாப்பா, நான் கிளம்பட்டுமா?"

"உக்காரு. உங்க மாப்பிள்ளை அஞ்சு மணிக்கு வருவார். என் கை போயிடுச்சுன்னு அவர்கிட்ட அழுதவ நான். அது இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? நீதான் சொல்லணும்." மௌஸை எடுத்துக் கேபினெட்டின் பின்பக்கம் குனிந்து செருகினாள். "முழுசாச் சொல்லு. மறுநாளே தெரிஞ்சதையும் சேர்த்து."

"சொல்றேன்" என்றார்.

மணி இரண்டுகூட ஆகவில்லை. அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் திரையில் வெறுமனே ஒரு சதுரம் வரைந்தாள். அழித்தாள். மறுபடி, வலது கையால், இன்னொன்று வரைந்தாள்.